பழைய தனி வீடு வாங்கியாச்சு, வேலையை எங்கே ஆரம்பிப்பது?

ஜூன் 16, 2024 (கேள்வி)

வணக்கம். மேற்குத் தாம்பரத்தில் அரை கிரவுண்டில் 1994இல் கட்டிய தனி வீடு வாங்கியிருக்கிறேன். தரைத்தளம் மட்டும், இரண்டு படுக்கையறை. போன வாரம் பத்திரப்பதிவு முடிந்தது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் எல்லாம் போக, கையில் ஆறு லட்சம்தான் மிச்சம். இப்போது வாடகையும் கட்டுகிறேன், இ.எம்.ஐ.யும் கட்டுகிறேன். ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோகத் திட்டம். மனைவிக்குச் சமையலறை மாற்ற வேண்டும், அப்பாவுக்கு வாசல் திசை, எனக்குத் தரை டைல்ஸ். குடிபோவதற்கு முன்பே எல்லா வேலையையும் முடித்துவிட வேண்டும், இருந்துகொண்டே வேலை பார்த்தால் நரகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானே?

ஜூன் 16, இரவு

பாதிதான் சரி, தம்பி. நாங்கள் 2013இல் குரோம்பேட்டையில் பழைய வீடு வாங்கினோம். அதை வைத்துச் சொல்கிறேன்.

சுவருக்குள் போகிற வேலை, அதாவது ஒயரிங், தண்ணீர்க் குழாய், இரண்டையும் குடிபோவதற்கு முன் முடித்துவிடுங்கள். சுவரை வெட்டும்போது வரும் தூசியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. தரை, பூச்சு, பெயின்ட், சமையலறை அலமாரி இதெல்லாம் ஒரு ஐப்பசி, கார்த்திகையை அந்த வீட்டில் பார்த்த பிறகு. ஜூன் மாதத்தில் தாம்பரத்தில் எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். மொட்டைமாடி எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) ஏறுகிறது, தெருத் தண்ணீர் எந்தப் படி வரை வருகிறது, இந்த மூன்றையும் மழை வந்துதான் காட்டும். உங்கள் ஆறு லட்சம் எங்கே போக வேண்டும் என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கப் போகின்றன. அது தெரியாமல் டைல்ஸ் கடைக்குப் போகாதீர்கள்.

ஜூன் 17

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். பதிவுக்குப் பிறகு வில்லங்கச் சான்று ஒருமுறை புதிதாக எடுத்து, உங்கள் பத்திரம் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முழு மனையையும் வாங்கியிருப்பதால் உட்பிரிவு இல்லை, பட்டா மாற்றம் எளிதாகவே நடக்க வேண்டும். சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றம். மும்முனை இணைப்பு கேட்கும் எண்ணம் இருந்தால் முதலில் பெயரை மாற்றிவிட்டுக் கேளுங்கள். பழையவர் பெயரில் இருக்கும் இணைப்புக்கு அலைச்சல் அதிகம்.

அசல் பத்திரங்கள் வங்கிக்குப் போய்விடும். போவதற்கு முன் மூலப் பத்திரம் முதல் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து வையுங்கள். முக்கியமாக, அங்கீகரித்த கட்டட வரைபடம். செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, முதலில் கட்டிய சுவர் எது, பிறகு சேர்த்தது எது என்பதெல்லாம் அதைப் பார்த்தால்தான் புரியும். பழைய உரிமையாளரிடம் இப்போதே போனில் பேசி, குழாய் போகும் வழி, போர்வெல் எத்தனை அடி, சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாள் போனால் அவரும் மறந்துவிடுவார், பேசவும் விருப்பம் இருக்காது.

ஜூன் 22

வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். இன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள், கொஞ்சம் நேரம் இருக்கிறது, விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு கம்பும் டார்ச்சும் கொண்டு போங்கள். கூரையின் அடிப்பக்கத்தைக் கம்பால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும். பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து, மேலே இருக்கும் பூச்சைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். முப்பது வருட வீட்டில் குளியலறைக் கூரையிலும் சன்ஷேடின் அடியிலும் இது சகஜம். மேலே சிமென்ட் பூசி மறைப்பது வேலைக்கு ஆகாது. இரும்பு துருவாகும்போது உப்பும், அது புதுப் பூச்சையும் உடைத்துவிடும். உதிர்கிற கான்கிரீட்டை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும்.

சுவர் விரிசல்களில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது: பூச்சில் மட்டும் வலைபோல ஓடும் மெல்லிய கோடுகள் ஒன்றும் செய்யாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்போடு இறங்குகிற விரிசலைக் கவனியுங்கள். இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழைக்குப் பிறகு கோட்டைத் தாண்டி நீண்டிருந்தாலோ, இப்போதே நகம் நுழைகிற அகலம் இருந்தாலோ, மேஸ்திரியிடம் கேட்காமல் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குப் பணம் கொடுத்துக் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் தொகை உங்கள் டைல்ஸ் செலவில் ஒரு ஓரம்கூட இருக்காது.

கதவு நிலைகளைக் கீழே, தரையோரமாகத் தட்டுங்கள். கரையான் அங்கேதான் நுழையும். அதற்கு மருந்து அடிப்பவர்கள் தரையும் சுவரும் சேருமிடத்தில் வரிசையாகத் துளை போட்டுத்தான் ஊற்றுவார்கள். ஆகவே அதுவும் டைல்ஸுக்கு முன். சம்ப்பை நிரப்பி, இரவில் மட்டத்தைக் குறித்து வைத்து, வால்வெல்லாம் மூடிவிட்டுக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் சம்ப் கசிகிறது. கடைசியாக, எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள். அப்போது தண்ணீர் நூல்போல வந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் துருவும் உப்பும் அடைத்த ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்).

அப்புறம், பக்கத்து வீட்டுப் பெரியவர்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 மிக்ஜாம் புயலில் எதுவரை என்று கேளுங்கள். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. உங்கள் தெருவில் அந்த அடையாளம் யாராவது ஒருவர் சுவரில் இன்னும் இருக்கும்.

ஜூன் 23

"1994 வீடுதானே, ஒயர் காப்பர்தான், மாற்ற வேண்டுமா?" என்று ஆவடிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

காப்பராக இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் ஏ.சி., கீசர், வாஷிங்மெஷின், இன்டக்‌ஷன் எல்லாம் ஒரே வீட்டில் ஓடும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. பிளக் பாயின்ட்டுகளில் எர்த் ஒயர் வராமலே மூன்று துளை மட்டும் இருப்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். விளக்கு, ஃபேனுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. ஒயர் என்பது எலெக்ட்ரீஷியன்கள் வழக்கமாகப் போடுவது. எர்த் குழி புதிதாக ஒன்று. மெயினில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். எம்.சி.பி. (சுமை அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி.தான். ஈரக் கையோடு வாஷிங்மெஷினைத் தொடுகிற வீட்டில் இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

மீட்டர் பெட்டியும் மெயின் போர்டும் நெஞ்சு உயரத்துக்கு மேல் இருக்கட்டும். தரையிலிருந்து ஒரு அடியில் வைக்கும் பிளக் பாயின்ட்டுகளையும் மூன்று அடிக்கு ஏற்றிவிடுங்கள். இது தாம்பரம், வெள்ளம் வருகிற ஊர். சுவரை மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் பக்கத்தில் டேப் பிடித்துப் போட்டோ எடுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோ தேவைப்படும்.

ஜூலை 6

அப்பாவின் வாசல் பற்றி. பெரியவர் மனத்தைப் புண்படுத்த வேண்டாம். ஆனால் அவரோடு உட்கார்ந்து இதைப் பேசுங்கள்: 1994 தனி வீடு என்றால் அநேகமாகத் தூண் இல்லாமல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே கூரையைத் தாங்குகிறது. அதில் புது வாசல் திறப்பது என்றால் கூரைக்கு முட்டுக் கொடுத்து, சுவரை வெட்டி, வாசலுக்கு மேல் சுவரைத் தாங்கப் புது லின்டல் போட்டு, பழைய வாசலை அடைக்க வேண்டும். அடைத்த இடத்தில் பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற கோட்டில் விரிசல் விடும். என் மாமனாருக்கும் இதே மனக்குறை இருந்தது. சுற்றுச்சுவர் கேட்டை அவர் சொன்ன பக்கம் மாற்றினோம், அவருக்கு அது போதுமாக இருந்தது. கேட்டை மாற்றுவது சின்ன வேலை.

ஜூலை 25

மாடி எடுப்பதைப் பற்றி வேறொருவர் கேட்டிருந்தார். இந்த வாரம்தான் சுயசான்று முறையில் கட்டட அனுமதி தர அரசு ஆரம்பித்திருக்கிறது: 2,500 சதுர அடி வரை உள்ள மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும். உங்களுக்கு இப்போது தேவை இல்லை, தம்பி. பூச்சு, ஒயரிங், தரை இதற்கெல்லாம் திட்ட அனுமதி வேண்டாம். ஆனால் பத்து வருடத்தில் மாடி எடுக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், மாடிக்குப் போகும் பைப்புக்கும் ஒயருக்கும் இப்போதே வழி விட்டு வையுங்கள்.

ஆகஸ்ட் 11

தரையின் போட்டோ பார்த்தேன். இது அருமையான மொசைக்! தயவுசெய்து உடைக்காதீர்கள். பச்சை, கறுப்புச் சில்லு, ஓரத்தில் பார்டர், இந்த வேலை தெரிந்த ஆட்களே இப்போது குறைந்துவிட்டார்கள். மங்கித் தெரிவது மேலே படிந்த அழுக்கும் பழைய மெழுகும்தான். மிஷின் வைத்துக் கல்லால் தேய்த்து பாலிஷ் போட்டால் புதுசாக வரும், புது டைல்ஸ் செலவில் சிறு பகுதிதான் ஆகும். கோடையில் அதன்மேல் வெறுங்காலோடு நடக்கும் குளுமை வழவழ டைல்ஸில் கிடைக்காது. மொசைக் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம் என்று கடைக்காரர் சொல்வார். ஒட்டலாம்தான், ஆனால் எல்லாக் கதவையும் அறுக்க வேண்டும், தரையும் வாசல்படியும் தடுக்கும்.

எனக்குத் தெரியும், "டைல்ஸ் என் ஆசை" என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள். மழை முடியும் வரையாவது தள்ளிப் போடுங்கள்.

செப்டம்பர் 8

பால் காய்ச்சியதற்கு வாழ்த்து. ஒயரிங்கும் குழாயும் முடிந்தது நல்ல செய்தி. குளிர்ந்த தண்ணீருக்கு யு.பி.வி.சி., கீசர் லைனுக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. என்று பிரித்துப் போட்டதும் சரி.

இனி மழைக்கு முன் மொட்டைமாடி. உங்கள் மாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு மேலே தட்டோடு பதித்திருக்கிறார்கள். அது நல்ல தளம், இன்சுலேஷனும் அதுவே. ஒழுகுவது பெரும்பாலும் நடுவில் இல்லை. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, தண்ணீர் இறங்கும் தூம்பு வாய், டேங்க் பைப் துளைத்துப் போகும் இடம், இந்த மூன்றில்தான். தூம்புகளைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டு, கீழே கூரையைப் பாருங்கள். பிறகு அந்த மூலைகளை மட்டும் வெட்டி, கலவையால் வட்டமாகத் திருப்பிப் பூசச் சொல்லுங்கள். ஓட்டு இணைப்புகளில் விட்டுப்போனதை அடைக்கச் சொல்லுங்கள். மாடி முழுக்க ரப்பர் பெயின்ட் அடிக்கத் துடிக்கிற ஆட்களிடம் "மழைக்குப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானது. உங்கள் வீட்டிலும் பேருக்கு ஒரு குழி இருக்கும், மண் மூடியிருக்கும். தோண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் இறங்குகிறது. 2019 ஜூனில் அதே அளவு தண்ணீர் லாரிக்கு நாங்கள் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம்.

அக்டோபர் 16

நேற்று வெள்ளத்துக்குப் பயந்து எல்லோரும் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது: மழை வலுக்கும்போது குடையோடு வெளியே நின்று, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது என்று வீடியோ எடுங்கள். வீட்டுக்குள் ஒவ்வொரு சுவரையும் கையால் தொட்டுப் பாருங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள்.

டிசம்பர் 2

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அங்கே விழுப்புரம் மாவட்டத்தில் பாடுபடுகிற மக்களை நினைத்தால் நமக்கு வந்தது ஒன்றுமே இல்லை.

நீங்கள் அனுப்பிய குறிப்புகளைப் படித்தேன். மாடி மூலை ஒழுகவில்லை. வடக்குச் சுவரில் தரையிலிருந்து இரண்டு அடி வரை ஓதம். தெருத் தண்ணீர் இரண்டாம் படி வரை வந்து வடிந்துவிட்டது. குளியலறை நஹானி ட்ராப் (தரையில் தண்ணீர் வடியும் வாய்) வழியாகக் கழிவுத் தண்ணீர் எதிர்த்து ஏறியது. சம்ப்புக்குள் தெருத் தண்ணீர் இறங்கியது.

பாருங்கள், உங்கள் முதல் பட்டியலில் இருந்த மூன்றில் ஒன்றுமே இங்கே இல்லை. முதல் வேலை சம்ப் வாயை இரண்டு அடி உயர்த்திக் கட்டி இறுக்கமான மூடி போடுவது. அடுத்தது செப்டிக் டேங்குக்குப் போகும் குழாயில் தண்ணீரைத் திரும்பி வரவிடாத வால்வு. இரண்டும் பெரிய செலவு இல்லை. குழந்தை குடிக்கிற தண்ணீர் அது, தை வரை காத்திருக்க வேண்டாம். இப்போதைக்கு சம்ப்பை முழுக்க இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி கழுவிய பிறகே நிரப்புங்கள்.

டிசம்பர் 8

நிறையப் பேர் கேட்டது: தெரு வீட்டைவிட உயரமாகிவிட்டது, வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கலாமா?

பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். எங்கள் தெருவில் அதற்கு முன்பே மேலே மேலே போட்டு ஏற்றிவிட்டார்கள். வாசலில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள்.

தூக்குவது நம்பகமான முறைதான். சென்னைப் புறநகரில் நிறைய வீடுகளை அப்படி உயர்த்தியிருக்கிறார்கள். அடித்தளத்துக்கு மேல் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, இரும்புச் சேனலும் வரிசையாக ஜாக்கியும் வைத்து, ஒரே அளவில் திருகி ஏற்றி, இடைவெளியைச் செங்கல் வைத்துக் கட்டுவார்கள். ஆனால் தரை கூடவே ஏறாது, அது கீழேயே நின்றுவிடும். மண் கொட்டிப் புதுத்தரை போட வேண்டும். குழாய், செப்டிக் லைன், வெளிப்படி எல்லாம் புதிது. டைல்ஸ் போட்ட பிறகு தூக்க முடிவெடுத்த ஒரு குடும்பத்தை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். போட்டு ஒரு வருடம்கூட ஆகாத தரை மண்ணுக்குள் போனது. அதனால்தான் முதல் நாளிலிருந்து தரையைத் தள்ளிப் போடச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

டிசம்பர் 9

இரவு முழுக்க யோசித்தேன். நேற்று எழுதியதைப் படித்துவிட்டு எல்லோரும் தூக்கக் கிளம்ப வேண்டாம். இந்தத் தம்பி வீட்டில் தண்ணீர் இரண்டாம் படியோடு நின்றது, உள்ளே வர இன்னும் ஒரு படி மிச்சம். 2015இல் முழங்கால் வரை உள்ளே வந்தது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னதாக எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட மழைக்கு மூன்று அடி தூக்கியிருந்தால்தான் பயன் இருந்திருக்கும், அதற்கு ஆறு லட்சம் போதாது. என் எண்ணம்: இப்போது தூக்க வேண்டாம். மாடி எடுக்கிற காலத்தில் சேர்த்து முடிவு செய்யுங்கள். அதுவரை தரைக்குப் பெரிய செலவு வேண்டாம், மொசைக் பாலிஷ் போதும். கேட்டில் தண்ணீர் தடுக்க, இருபக்கமும் காடி வைத்து மழைக்காலத்தில் மட்டும் பலகை செருகுகிற ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஜனவரி 19, 2025

பொங்கல் முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம். பணத்தைப் பற்றி.

ஆறு லட்சத்தில் ஒயரிங், குழாய், சம்ப் போக மூன்றரை மிச்சம் என்கிறீர்கள். ஒரு லட்சத்தைத் தனியே எடுத்து வைத்து, அது இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டில் ஒரு சுவரைத் திறந்தால் இன்னொரு வேலை வெளியே வரும். மீதியில் வடக்குச் சுவர் ஓதம், குளியலறைக் கூரைக் கம்பி, மொசைக் பாலிஷ், சமையலறை மேடை. அலமாரிகள் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். எடுத்தால் சிங்க் அடியில் மட்டுமாவது மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) கேளுங்கள், மற்றதெல்லாம் ஈரத்தில் உப்பிவிடும்.

மேஸ்திரியோடு: பொருள் நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் பேசுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், ஒரு நோட்டில் எந்த அறையில் என்ன வேலை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முன்பணம் குறைவாக, வேலை முடிய முடியப் பணம், கடைசிப் பத்தில் ஒரு பங்கு எல்லாம் சரிபார்த்த பிறகு. எங்களிடம் ஒருவர் பாதிக்கு மேல் முன்பணம் வாங்கிக்கொண்டு குளியலறையைக் கொத்திப் போட்டுவிட்டு வேறு சைட்டுக்குப் போய்விட்டார். பண்டிகைக்காலம் முழுவதும் பக்கத்து வீட்டுக் குளியலறையில் குளித்தோம். மறுபக்கம், வேலை செய்கிற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைக் கூலி தவறாமல் போகிறதா என்று நீங்களே கேளுங்கள். மேஸ்திரி கையில் கொடுத்ததோடு நம் பொறுப்பு முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

பூச்சு வேலை முடிந்ததும் ஒரு வாரமாவது நனைக்க வேண்டும். காலையும் மாலையும் ஹோஸ் பிடிக்க வீட்டில் யாராவது இருந்தால் போதும். இருந்துகொண்டே வேலை பார்ப்பதில் இந்த நன்மை உண்டு.

பிப்ரவரி 23

வடக்குச் சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் உள்பக்கம் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தண்ணீர் அடியிலிருந்து செங்கல் வழியே ஏறுகிறது. உள்பக்கம் அடைத்தால் அது இன்னும் மேலே ஏறி, மூன்றாவது, நான்காவது அடியில் உப்புப் பூத்து வெளியே வரும். முதலில் வெளிப்பக்கம் சுவரை ஒட்டி இருக்கும் மண்ணை இறக்கி, தண்ணீர் வெளியே ஓடும் வாட்டத்தில் சிமென்ட் தளம் போடுங்கள். பூந்தொட்டிகளை அங்கிருந்து நகர்த்துங்கள். உள்ளே உப்பேறிய பூச்சை ஓதம் நின்ற உயரத்துக்கு ஒரு அடி மேல் வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் தெரிய அப்படியே காயவிடுங்கள். சுவரடியில் துளை போட்டு ஓதம் தடுக்கும் மருந்து ஏற்றுவதாக இருந்தால் அதற்கும் இதுதான் சமயம். மாசி, பங்குனி, சித்திரை மூன்றும் வெயில் மாதம், அவசரமே இல்லை. பார்க்க அசிங்கமாக இருக்கும், விருந்தாளி கேட்பார்கள், பரவாயில்லை.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள, ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து கட்டினால் இன்னும் காயவில்லை. கட்டாத அன்று பூச்சுக்காரரைக் கூப்பிடுங்கள். பூச்சு நனைந்து, மறுபடி காய்ந்து, இதே சோதனை இன்னொரு தரம் செய்த பிறகு பெயின்ட். அந்தச் சுவருக்கு மட்டும் பட்டி (பெயின்ட்டுக்கு முன் பூசும் மாவு) வேண்டாம்.

கூரைக் கம்பி வேலையின் போட்டோ கிடைத்ததும் போடுங்கள். துரு தடுக்கும் பூச்சு கம்பியின் பின்பக்கமும் போயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.